கைமாறும் கணம்

விசூடோ என்று ஒரு சின்ன நிரல் உண்டு. லினக்ஸ் சர்வரில் யார் யாருக்கு நிர்வாகி அதிகாரம் என்று எழுதி வைத்திருக்கும் சூடோயர்ஸ் கோப்பைத் திருத்துவதற்கென்றே பிறந்தது. அந்தக் கோப்பை வேறு எந்த எடிட்டரிலும் திறக்க முடியும், ஆனால் திறக்கக் கூடாது. அதில் ஒரு குறி பிசகினாலும், அந்த அதிகாரத்தோடு எதையும் செய்ய உதவும் சூடோ கட்டளை வேலை செய்ய மறுத்துவிடும் என்பதுதான் நெடுங்காலம் இருந்த நிலை. உபுண்டுவில் ரூட் கணக்குக்குக் கடவுச்சொல்லும் வைத்திருக்க மாட்டார்கள். ஆக, பிழையைத் திருத்த சூடோ வேண்டும்; சூடோ கிடைக்கப் பிழை திருந்தியிருக்க வேண்டும்.

விசூடோ அசல் கோப்பைத் தொடுவதில்லை. நகல் ஒன்றைத் திறந்து தருகிறது. அதே நேரத்தில் இன்னொருவர் திருத்தாதபடி பூட்டும் போட்டுவிடுகிறது. நாம் சேமித்து வெளியே வந்ததும் இலக்கணம் பார்க்கிறது. சரியாக இருந்தால் நகலுக்கு அசலின் பெயரைச் சூட்டுகிறது. பிழை இருந்தால் எத்தனையாவது வரியில் என்று சொல்லிவிட்டு, இனி என்ன செய்ய என்று கேட்கிறது. மூன்று பதில்கள் சொல்லலாம். மறுபடி திருத்த ‘இ’. மாற்றங்களைக் கைவிட்டு வெளியேற ‘எக்ஸ்’. பிழையோடேயே சேமித்து வெளியேற ‘கியூ’. முதல் இரண்டும் ஆங்கிலத்தின் சின்ன எழுத்துகள். கியூ மட்டும் பெரிய எழுத்து. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘ஆபத்து’ என்று ஓர் எச்சரிக்கை வேறு. தூக்கக் கலக்கத்தில், வெளியேறும் அவசரத்தில் பழக்கதோஷமாகக் கியூவைத் தட்டும் விரல் இதில் மாட்டாது. ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தும் அளவுக்கு மனம் வைத்தவர்தான் மாட்டலாம்.

ஒரே ஓர் எழுத்தின் அளவில் காட்டிய இந்த அக்கறை எனக்கு நல்ல வெண்பாவின் ஈற்றடிக்குக் குறைந்த இன்பத்தைத் தருவதில்லை. வலைச் செயலி ஒன்றை எழுதி முடித்தால் நிரலைப் பாராட்டுவார்கள்; திரையின் வடிவைப் பாராட்டுவார்கள். அதைச் சர்வரில் ஏற்றி உலகத்துக்குத் திறந்துவிடும் டிப்ளாய்மென்ட் வேலையைப் பாராட்டி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. நன்றாக நடந்தால் எதுவுமே நடக்காத மாதிரி தெரிவதுதான் அதன் இயல்பு, யாரைக் குறை சொல்ல? எனக்கோ அந்த வேலை முழுவதிலும் ஒரு கணம்தான் உயிர்: பழையது விலகிப் புதியது வந்து உட்காரும் கணம். தளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரியவே கூடாது. அதைத் தெரியாமல் செய்வதற்காகப் பல பத்தாண்டுகளாக, பல நாடுகளில், ஒருவரையொருவர் அறியாத பலர் இழைத்து இழைத்துச் செய்த ஏற்பாடுகள் ஒரு சின்ன வாடகைச் சர்வருக்குள் அருகருகே கிடக்கின்றன.

வாடகைச் சர்வர் என்று நான் சொல்வது வி.பி.எஸ்.-ஐ. எங்கோ ஒரு தரவு மையத்தில் ஓடும் பெரிய கணினியில் நமக்கென்று பிரித்துக் கொடுத்த ஒரு பங்கு. 2003-இல் லினோட் என்ற நிறுவனம் இதை விற்கத் தொடங்கியது. 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20-இல் கே.வி.எம். சேர்ந்தபின், கணினிக்குள் கணினி நடத்துவது லினக்ஸின் சொந்தத் திறமையாகவே ஆயிற்று. அதன் பிறகு மாதம் ஐந்து டாலருக்கு யார் வேண்டுமானாலும் ஒரு சர்வருக்குச் சொந்தம் கொண்டாடலாம் என்ற காலம் வந்தது. பங்குதானே, முழுக் கணினி இல்லையே என்பதை அது மறைப்பதும் இல்லை. டாப் கட்டளையைத் தட்டினால் சி.பி.யூ. வரியின் கடைசியில் ‘எஸ்டி’ என்று ஓர் எண் நிற்கும். ஸ்டீல், அதாவது களவு. நம் சர்வர் வேலை செய்யத் தயாராக நின்றும், அடியில் உள்ள பெரிய கணினி அந்த நேரத்தை வேறு பங்குதாரருக்குக் கொடுத்துவிட்டதால் நாம் இழந்த விழுக்காடு. தன்னிடமிருந்து எவ்வளவு பறிபோகிறது என்பதைப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் வரை கணக்கு வைத்திருக்கும் யந்திரம் அது.

உள்ளே போகும் வழி எஸ்.எஸ்.எச். ஃபின்லாந்தில் டாட்டு யுலோனென் 1995-இல் எழுதியது. தம் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்களை யாரோ ஒட்டுக்கேட்டுவிட்டார்கள் என்பதுதான் அவரை எழுத வைத்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய அன்று டெல்நெட், கோப்புகளை அனுப்ப எஃப்.டி.பி. முன்னதன் போர்ட் எண் 23, பின்னதன் எண் 21. இரண்டுக்கும் மாற்றாகத் தம் நிரல் வர வேண்டும் என்று விரும்பியவர், நடுவில் ஆளில்லாமல் இருந்த 22-ஐக் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். தாம் ஓய்வு கொடுக்க நினைத்த இருவருக்கும் இடையில் போய் உட்கார்ந்த அந்த எண்ணை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

எஸ்.எஸ்.எச்.-இல் நான் ரசிப்பது அதன் மறைகுறியாக்கக் கணிதத்தைவிட ஒரு நடைமுறையை. கடவுச்சொல்லால் நுழைவதைத் தடுத்து, சாவிக்கோப்பு உள்ளவரை மட்டும் விடுவது என்று முடிவெடுத்து கான்ஃபிகை மாற்றுகிறோம். எஸ்.எஸ்.எச். சேவையை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். நாமோ அதே எஸ்.எஸ்.எச். வழியாகத்தான் உள்ளே இருக்கிறோம். புதியவர்கள் முதல்முறை இந்தக் கட்டளையைத் தட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வதைப் பார்க்கலாம். ஒன்றும் ஆகாது. வருகிறவர்களுக்காகக் காத்திருக்கும் செயல்முறை வேறு, வந்துவிட்டவரோடு பேசிக்கொண்டிருக்கும் செயல்முறை வேறு. ஒவ்வோர் இணைப்புக்கும் தனிப் பிள்ளை பிறந்துவிடுகிறது. ரீஸ்டார்ட் ஆவது தாய் மட்டும்தான். அதனால்தான் அனுபவசாலிகள் பழைய ஜன்னலை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்க்கிறார்கள். நுழைய முடியவில்லையென்றால் பழைய ஜன்னலில் நின்றபடியே சரிசெய்துகொள்ளலாம்.

யு.எஃப்.டபிள்யூ. என்ற ஃபயர்வாலுக்கும் இதே பரிவு உண்டு. அதை இயக்கும் கட்டளையைக் கொடுத்தால், இப்போதிருக்கும் எஸ்.எஸ்.எச். இணைப்புகள் அறுந்துபோகலாம், தொடரவா என்று கேட்கும். இதில் என்ன அதிசயம், எல்லா நிரலும் கேட்பதுதானே என்று தோன்றும். எல்லோரிடமும் அது கேட்பதில்லை. தன்னை இயக்கியது யார், அதை இயக்கியது யார் என்று செயல்முறைகளின் பெற்றோர் வரிசையில் மேலே மேலே ஏறிப் பார்க்கிறது. அந்த வம்சாவளியில் எஸ்.எஸ்.எச். தென்பட்டால்தான் கேள்வி. கணினியின் எதிரிலேயே உட்கார்ந்து தட்டுகிறவரிடம் இந்தக் கேள்விக்குப் பொருள் இல்லை என்று அதற்குத் தெரியும்.

இனி என்ஜின்எக்ஸ். ரஷ்யாவில் ஈகோர் சிசோயெவ் எழுதி 2004-இல் பொதுவெளிக்கு விட்டது. உலாவிகளிலிருந்து வரும் கோரிக்கைகளை வாசலில் நின்று வாங்கி, உள்ளே இருக்கும் நம் செயலியிடம் ஒப்படைப்பது அதன் பணி. அதில் ஒரு தலைமைச் செயல்முறையும் சில பணியாள் செயல்முறைகளும் உண்டு. 1024-க்குக் கீழுள்ள போர்ட்களைத் திறக்க நிர்வாகி அதிகாரம் வேண்டும் என்பது யூனிக்ஸில் பழைய வழக்கம். தலைமை அந்த அதிகாரத்தோடு 80-ஐயும் 443-ஐயும் திறக்கிறது. கோரிக்கைகளைத் தொடும் பணியாள்களோ அதிகாரமற்ற சாதாரணக் கணக்கில் ஓடுகிறார்கள். அதிகாரம் உள்ளவர் வெளியாரோடு பேசுவதில்லை. வெளியாரோடு பேசுகிறவரிடம் அதிகாரம் இல்லை.

கான்ஃபிகை மாற்றிவிட்டு ரீலோட் சொன்னால், தலைமைக்கு ‘ஹப்’ என்ற சிக்னல் போகிறது. தொலைபேசிக் கம்பி வழியே டெர்மினல்கள் பேசிய காலத்தில், மறுமுனை துண்டித்துவிட்டது என்று சொல்ல உண்டான சிக்னல் அது. பின்னணியில் ஓடும் நிரல்களுக்கு டெர்மினலே கிடையாதாகையால் அவற்றுக்கு அது வேலையற்றுக் கிடந்தது. கான்ஃபிகை மறுபடி படி என்று சொல்ல அதையே எடுத்துக்கொண்டார்கள். ஹப் வந்ததும் தலைமை புதிய கான்ஃபிகைப் படித்து இலக்கணம் பார்க்கிறது. தேவையான லாக் கோப்புகளையும் போர்ட்களையும் திறந்து பார்க்கிறது. ஏதாவது ஒன்று தோற்றாலும் புதியதைக் கைவிட்டுப் பழைய கான்ஃபிகோடு ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் சரியென்றால் புதிய பணியாள்களைப் பிறப்பித்து, பழையவர்களிடம் நாசூக்காக விலகச் சொல்கிறது. பழையவர்கள் புதிய கோரிக்கை எதையும் வாங்க மாட்டார்கள். ஆனால் கையிலிருப்பதை முடிக்காமல் போகவும் மாட்டார்கள். அந்த இடைவெளியில் பி.எஸ். கட்டளையைத் தட்டிப் பாருங்கள். செயல்முறைகளின் பட்டியலில் பழைய பணியாளின் பெயர் மாறியிருக்கும்: பணியாள், விலகிக்கொண்டிருக்கிறார் என்று. ஒரு செயல்முறை தன் பெயரிலேயே தன் நிலையைச் சொல்லிக்கொண்டு நிற்கிற காட்சி. வெப்சாக்கெட் போன்ற நீண்ட இணைப்புகள் இருந்தால் மணிக்கணக்காகவும் அப்படி நிற்பார். அவ்வளவு நேரம் பொறுக்க முடியாதவர்களுக்காக 2017-இல் ஒரு காலக்கெடு வசதியும் சேர்த்தார்கள். எனக்கென்னவோ கெடு வைக்க மனம் வருவதில்லை.

இதே என்ஜின்எக்ஸில் புதியவர்களைப் பாடாய்ப் படுத்தும் ஒரு சாய்கோடு இருக்கிறது. ‘/api/’ என்று தொடங்கும் கோரிக்கைகளை உள்ளே 8000 என்ற போர்ட்டில் ஓடும் செயலிக்கு அனுப்பு என்று எழுதுகிறோம். அனுப்பும் முகவரியை 8000-த்தோடு நிறுத்திவிட்டால் ‘/api/users’ என்ற கோரிக்கை அப்படியே முழுதாகப் போய்ச் சேரும். 8000-த்துக்குப் பின் ஒரு சாய்கோடு இட்டால், ‘/api/’ என்ற முன்பகுதி உதிர்ந்து ‘/users’ மட்டும் போகும். வேலை கொடு என்பதற்கும் வேலைக் கொடு என்பதற்கும் நடுவில் ஓர் ஒற்று நின்று உத்தியோகத்தை ஆயுதமாக்கிவிடுவது மாதிரிதான். பலர் இதை வடிவமைப்பின் குறை என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சாய்கோடு இட்டால் பாதையில் நீயும் ஒரு பகுதியைச் சொல்லிவிட்டாய் என்று ஆகிறது. சொன்னதால் முன்பகுதிக்குப் பதில் அதை வைக்கிறது. சொல்லாவிட்டால் வந்த பாதையில் கை வைக்க அதற்கு உரிமை இல்லை. விதியைத் தெரிந்துகொண்டபின் அதில் தடுமாற முடியாது. தெரிந்துகொள்வதற்கு முன்பு யாரும் தப்பியதும் இல்லை.

இப்போது செயலிக்கே வருவோம். பைத்தானில், ஜாங்கோவில் எழுதியது என்று வைத்துக்கொள்வோம். புதிய பதிப்பு தயார். பழைய கோப்புகளின் மேலேயே புதியவற்றைக் கொட்டுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. கொட்டி முடியச் சில விநாடிகள் ஆகுமே, அதற்குள் வருகிறவருக்குப் புதிய பாதி, பழைய பாதியாக ஒரு செயலி கிடைக்கும். ரூபி உலகத்தில் 2000-களின் நடுவில் ஜேமிஸ் பக் எழுதிய கேபிஸ்ட்ரானோ இதற்கு ஓர் ஏற்பாட்டைப் பிரபலமாக்கியது. ஒவ்வொரு பதிப்புக்கும் தனி ஃபோல்டர். அதற்குப் பெயர் அந்த நேரமே: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி, மொத்தம் 14 இலக்கம், இடையில் குறி ஏதும் இல்லை. பெரிய அலகு முன்னால், சிறிய அலகு பின்னால் என்பதால் அகரவரிசையில் அடுக்கினாலே கால வரிசை வந்துவிடும். பட்டியலிடும் எந்தக் கட்டளைக்கும் தேதி என்றால் என்னவென்றே தெரிய வேண்டியதில்லை. இந்த ஃபோல்டர்களுக்கு வெளியே ‘கரன்ட்’ என்று ஒரு சிம்லிங்க். அது கோப்பல்ல, ஒரு சுட்டி. எந்தப் பதிப்பு இப்போது நடப்பில் இருக்கிறதோ அதைக் காட்டி நிற்கும். புதிய பதிப்பு என்பது அந்தச் சுட்டியைத் திருப்பி வைப்பதுதான். பிடிக்கவில்லையா, பழைய பக்கமே திருப்பிவிடலாம். கேபிஸ்ட்ரானோ வழக்கமாக ஐந்து பதிப்புகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடும்.

நயமே இனிமேல்தான் இருக்கிறது. சுட்டியைத் திருப்புவது என்கிறோமே, சிம்லிங்கைத் திருப்ப யூனிக்ஸில் வழியே கிடையாது. உருவாக்கலாம், அழிக்கலாம், அவ்வளவே. எல்என் கட்டளையிடம் வலுக்கட்டாயமாகச் செய் என்று சொன்னால், அது நெடுங்காலம் செய்தது என்ன தெரியுமா? பழைய சுட்டியை அழித்துவிட்டு, புதியதை உண்டாக்கும். அழித்ததற்கும் உண்டாக்கியதற்கும் நடுவே மைக்ரோ விநாடிகளில் அளக்கும் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் ‘கரன்ட்’ என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. நெரிசலான தளத்தில் யாராவது ஒருவர் சரியாக அந்த இடத்தில் வந்து விழத்தான் செய்வார்.

அதனால் சுற்றுவழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். புதிய பதிப்பைக் காட்டும் சுட்டி ஒன்றை வேறு ஏதாவது பெயரில் முதலில் உண்டாக்கு. பிறகு எம்வி கட்டளையால் அதற்குக் ‘கரன்ட்’ என்று பெயர் மாற்று. பெயர் மாற்றும்போது அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், கருநிரல் (கெர்னல்) அதைப் பிரிக்க முடியாத ஒரே செயலாக மாற்றி வைக்கும். அந்தப் பெயரைத் தேடுகிற எவருக்கும் எந்தக் கணத்திலும் அது இல்லாமல் போகாது என்று யூனிக்ஸ் வாக்குக் கொடுக்கிறது. தேடுகிறவருக்குப் பழையது கிடைக்கும், அல்லது புதியது கிடைக்கும். மூன்றாவது நிலை என்று ஒன்று இல்லை. விசூடோ நகலுக்கு அசலின் பெயரைச் சூட்டியதும் இந்த வாக்கை நம்பித்தான். பல ஜிகாபைட் எடையுள்ள செயலியாக இருக்கட்டும், உண்மையில் மாறுவது ஃபோல்டரின் பட்டியலில் ஒரே ஒரு பதிவு.

எம்வியில் ஒரு சிக்கல் மிச்சம். ‘கரன்ட்’ காட்டுவது ஒரு ஃபோல்டரை. ஃபோல்டரின் பெயரைக் கொடுத்தால் எம்வி, ஓ, இதற்குள்ளே வை என்கிறாயா என்று எடுத்துக்கொண்டு, புதிய சுட்டியைப் பழைய பதிப்பின் வயிற்றுக்குள் கொண்டுபோய் வைத்துவிடும். பிழை என்று எந்தச் செய்தியும் வராது, தளமும் மாறாது. இதைத் தடுக்க குனு எம்வியில் பெரிய எழுத்து ‘டி’ என்று ஓர் ஆப்ஷன்: இலக்கை ஃபோல்டராக நினைக்காதே, பெயராக மட்டும் பார் என்று பொருள். மறுபடியும் பெரிய எழுத்து ஒன்றுதான் காப்பாற்றுகிறது. பிற்பாடு குனு தொகுப்பில் எல்என் கட்டளையே தற்காலிகப் பெயரில் உண்டாக்கிப் பெயர் மாற்றும் முறைக்கு வந்துவிட்டது. ஆனாலும் பழைய ஸ்கிரிப்ட்களில் அந்த இரண்டு வரிகளும் அப்படியே கிடக்கின்றன. அவற்றை நீக்கச் சொல்லி நான் யாரிடமும் வாதாட மாட்டேன்.

சுட்டி திரும்பிவிட்டது, செயலி திரும்பவில்லை. பழைய நிரல் ஏற்கெனவே நினைவகத்தில் ஏறி ஓடிக்கொண்டிருக்கிறதே. அதை நடத்துவது ஜி-யூனிகார்ன். அதற்கும் ஹப் அனுப்பினால் புதிய பணியாள்களைப் புதிய நிரலோடு பிறப்பித்து, பழையவர்களை வேலை முடித்து விலகச் சொல்லும். எந்தப் புதிய நிரல்? தான் நிற்கும் ஃபோல்டரிலிருந்துதானே எடுக்கும். எங்கே நிற்கிறேன் என்று கருநிரலைக் கேட்டால், சுட்டிகளையெல்லாம் அவிழ்த்துவிட்டு, 14 இலக்கப் பெயருள்ள பழைய ஃபோல்டரைச் சொல்லும். அதை நம்பினால் எத்தனை ஹப் அனுப்பினாலும் பழைய நிரலே மறுபடி மறுபடி ஏறும். ஜி-யூனிகார்னை எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். நாம் எந்த வழியாக உள்ளே வந்தோம் என்பதை ஷெல் தன் சூழல் மாறி ஒன்றில் ‘கரன்ட்’ என்ற பெயரோடேயே நினைவு வைத்திருக்கும். கருநிரல் சொல்வதும் ஷெல் சொல்வதும் ஒரே இடம்தானா என்று கோப்பு அமைப்பின் உள் எண்களை ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றே என்றால் ஷெல் சொல்லும் பாதையை எடுத்துக்கொள்கிறது ஜி-யூனிகார்ன். சுமார் பத்து வரி நிரல். அதன் மேலே எழுதியிருக்கும் குறிப்போ அரை வரிதான், இத்தனை காரணத்தையும் அது சொல்வதில்லை.

அதே ஜி-யூனிகார்னில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பணியாள் உயிரோடு இருக்கிறாரா என்று தலைமைக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பணியாளுக்கும் ஒரு தற்காலிகக் கோப்பு உண்டாக்கப்படுகிறது. உண்டாக்கிய கையோடு அதன் பெயர் அழிக்கப்படுகிறது. யூனிக்ஸில் பெயரை அழித்தாலும், யாராவது திறந்து வைத்திருக்கும் வரை கோப்பு சாகாது. ஆகவே எந்தப் பட்டியலிலும் இல்லாத, தலைமையும் அந்தப் பணியாளும் மட்டுமே அறிந்த ஒரு கோப்பு அது. பணியாள் அடிக்கடி அதைத் தொட்டுவைக்கிறார். உள்ளே ஒரு சொல்லும் எழுதுவதில்லை, தொட்ட நேரம் பதிவாகிறது, அவ்வளவுதான். 30 விநாடி தொடப்படாமல் கிடந்தால் பணியாள் எங்கோ சிக்கிவிட்டார் என்று முடிவுகட்டி, அவரை நிறுத்திவிட்டு வேறொருவரைப் பிறப்பிக்கிறது தலைமை. சர்வர் மின்சாரம் போய் விழுந்தாலும் குப்பை எதுவும் மிஞ்சாது. பெயரே இல்லாததை யார் பெருக்க வேண்டும்?

இவர்களையெல்லாம் எழுப்பி, உறங்க வைத்து, விழுந்தால் தூக்கி நிறுத்துவது சிஸ்டம்டி. அதைப் பிடிக்காதவர்கள் நிறைய. 2010-இல் வந்த நாளிலிருந்து சண்டை ஓயவில்லை. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. சேவையை நிறுத்தும்போது அது முதலில் அனுப்புவது ‘டெர்ம்’ சிக்னல்: கடையைக் கட்டு என்ற வேண்டுகோள். கேட்பதும் கேட்காததும் நிரலின் இஷ்டம். வழக்கமான அமைப்பில் 90 விநாடி காத்திருந்துவிட்டு, அதன் பிறகே யாரும் தடுக்க முடியாத ‘கில்’ போகும். இதைவிட அழகு சாக்கெட் ஆக்டிவேஷன். போர்ட்டைத் திறந்து வைத்திருப்பது செயலி அல்ல, சிஸ்டம்டி. செயலி பிறக்கும்போது, இதோ திறந்த சாக்கெட் என்று கையில் கொடுத்து அனுப்புகிறது. செயலி ரீஸ்டார்ட் ஆகும் அந்த ஓரிரு விநாடியிலும் போர்ட் திறந்தே இருக்கும். வருகிறவர்கள் கருநிரலின் வரிசையில் நிற்பார்கள். இணைப்பு மறுக்கப்பட்டது என்ற செய்தி யாருக்கும் போகாது. பக்கம் வரச் சற்றுத் தாமதமாகும், அவ்வளவே. அப்படிக் கொடுக்கும் சாக்கெட்டின் எண் எப்போதும் 3-இல் தொடங்கும். 0, 1, 2 மூன்றும் எந்த யூனிக்ஸ் நிரலுக்கும் உள்ளீடு, வெளியீடு, பிழை என்று முன்பே ஒதுக்கியவை. கூடவே, இது எந்தச் செயல்முறைக்கு என்று அதன் அடையாள எண்ணையும் எழுதி அனுப்புகிறது. செயலி பெறும் பிள்ளைகள் தவறுதலாக அந்தச் சொத்துக்கு உரிமை கொண்டாடிவிடக் கூடாதே.

அடுத்து நான் சொல்லப்போவது கைமாறும் கணத்தோடு சேர்ந்ததில்லை. ஆனாலும் விட மனமில்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் அதே சர்வரில் இருந்தால், செயலி அதனோடு பேசக் கடவுச்சொல்லே தேவையில்லாமல் செய்யலாம். யூனிக்ஸ் சாக்கெட் வழியே செயலி கதவைத் தட்டுகிறது. யார் நீ என்று போஸ்ட்கிரெஸ் அதனிடம் கேட்பதில்லை. கருநிரலிடம் கேட்கிறது: மறுமுனையில் இருப்பவர் எந்தக் கணக்கில் ஓடுகிறார்? கருநிரல் பொய் சொல்லாது. செயலி நினைத்தாலும் பொய் சொல்ல வைக்க முடியாது. கணக்கின் பெயரும் தரவுத்தளப் பயனரின் பெயரும் ஒன்றானால் உள்ளே போகலாம். மறைத்து வைக்க ரகசியமே இல்லாத இடத்தில் எதைத் திருடுவது? இவ்வளவு இருக்க, இணையத்தில் கிடைக்கும் பாதி வழிகாட்டிகள் ஒரு கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதி வைக்கச் சொல்வதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

தளத்தின் இணைப்பைப் பாதுகாக்கும் சான்றிதழும் கைமாறும் பொருள்தான். சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தபோது, இலவசம் என்பதையே எல்லோரும் பேசினார்கள். எனக்கு அந்தச் சான்றிதழின் ஆயுள்தான் வியப்பாக இருந்தது: அன்று வெறும் 90 நாள். ஆண்டுக்கு ஒருமுறை என்றால் மனிதர்கள் கையால் செய்வார்கள், மறப்பார்கள். 90 நாள் என்றால் யாரும் கையால் செய்ய மாட்டார்கள், யந்திரத்திடம் விட்டுவிடுவார்கள். புதுப்பிக்கும் செர்ட்பாட், ஒவ்வொரு சான்றிதழுக்கும் வரிசை எண் போட்டு ஒரு ஃபோல்டரில் சேர்த்துவைத்து, நடப்பிலிருப்பதைக் காட்ட இன்னொரு ஃபோல்டரில் சுட்டி வைக்கிறது. நமக்குப் பழக்கமான அதே ஏற்பாடுதான். டெபியன், உபுண்டு தொகுப்புகளோடு வரும் அதன் டைமர் கோப்பைத் திறந்தால், நாளுக்கு இருமுறை, நள்ளிரவிலும் நண்பகலிலும் ஓடு என்று இருக்கும். அடுத்த வரியில் தற்செயல் தாமதம்: 43200 விநாடி. அதாவது 12 மணி நேரம். நள்ளிரவு என்று எழுதிவிட்டு, அதிலிருந்து அடுத்த நண்பகலுக்குள் எப்போது வேண்டுமானாலும் ஓடிக்கொள் என்கிறது. உலகம் முழுவதுமுள்ள சர்வர்கள் சரியாகப் பன்னிரண்டு அடித்ததும் ஒரே வாசலில் போய் முட்டினால் மறுமுனையில் இருப்பவர் என்ன ஆவார்? தன் சர்வரின் கோப்பில் பிறர் சர்வரின் சுமையை நினைத்து எழுதிய வரி அது.

இத்தனை நயமும் தரவுத்தளத்தின் எதிரில் வந்தால் கொஞ்சம் தடுமாறுகிறது. நிரலைப் பழைய பதிப்புக்குத் திருப்ப ஒரு சுட்டி போதும். அட்டவணையின் வடிவத்தை மாற்றிவிட்டால் அதற்குள் வந்து சேர்ந்த தரவை என்ன செய்ய? போஸ்ட்கிரெஸ் இங்கேயும் முடிந்தவரை நாகரிகம் காட்டுகிறது. நெடுவரிசை சேர்ப்பது, நீக்குவது எல்லாவற்றையும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் செய்யலாம். நடுவில் எது தோற்றாலும் எதுவுமே நடக்காத நிலைக்குத் திரும்பலாம். மைசீக்குவெல்லில் அது நடக்காது, ஒவ்வொரு வடிவ மாற்றமும் அந்த இடத்திலேயே உறுதியாகிவிடும். 2018-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 11 முதல், மாறாத தொடக்க மதிப்போடு நெடுவரிசை சேர்த்தால் கோடிக்கணக்கான வரிகளையும் திரும்ப எழுதுவதில்லை. மதிப்பை ஒரே இடத்தில் குறித்துக்கொண்டு, பழைய வரியைப் படிக்கும்போது அதை எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

ஆனால் பூட்டு இருக்கிறது. வடிவத்தை மாற்ற அட்டவணையை முழுசாகப் பூட்ட வேண்டும். மாற்றுவது மில்லி விநாடி வேலைதான். பூட்டு கிடைக்கக் காத்திருப்பதுதான் ஆபத்து. யாரோ ஓர் அறிக்கைக்காக அரை மணி நேரமாக அந்த அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தால், அவர் முடிக்கும் வரை நம் கட்டளை வரிசையில் நிற்கும். அதற்குப் பின்னால் வருகிற சாதாரண வாசிப்புகளும் அதைத் தாண்டிப் போக முடியாமல் நிற்கும். ஒன்றுமே செய்யாமல் நிற்கிற ஒரு கட்டளை தளம் முழுவதையும் நிறுத்திவிடும். இரண்டு விநாடிக்குள் பூட்டு கிடைக்காவிட்டால் விட்டுவிடு, பிறகு வருகிறேன் என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதி வைப்பது தெரிந்தவர்களின் வழக்கம்.

ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றுவது இன்னும் சுவாரசியம். கட்டளை ஒரே வரி, நொடியில் முடியும். அந்த நொடியில் பழைய பணியாள்களும் புதியவர்களும் சேர்ந்தே ஓடிக்கொண்டிருப்பார்களே, அவர்களில் ஒரு சாரார் கேட்கும் பெயர் இல்லாமல் போகும். நாசூக்காக விலகச் சொன்ன அந்த நயமே இங்கே இடைஞ்சல். ஆகவே பெயரை மாற்றாமலே மாற்றுகிறார்கள். முதலில் புதிய பெயரில் இன்னொரு நெடுவரிசை. அடுத்த பதிப்பில் இரண்டிலும் எழுதும் நிரல். பின்னணியில் பழைய தரவைச் சிறு சிறு கட்டுகளாக நகலெடுக்கும் ஸ்கிரிப்ட். அதற்கடுத்த பதிப்பில் புதியதிலிருந்து மட்டும் படிக்கும் நிரல். இன்னொரு பதிப்பில் பழையதில் எழுதுவதையும் நிறுத்துவது. கடைசியாகப் பழைய நெடுவரிசையை நீக்குவது. ஒரு பெயரை மாற்ற நாலைந்து டிப்ளாய்மென்ட். அந்தக் கடைசிப் படியை யாரும் செய்வதில்லை என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்தப் பழைய செயலியின் தரவுத்தளத்தைத் திறந்தாலும், எழுதுவாரும் படிப்பாரும் இல்லாத நெடுவரிசை இரண்டாவது கிடக்கும். நீக்குவதற்கான டிக்கெட்டும் எங்கோ திறந்தபடி இருக்கும்.